வந்துகொண்டே இருப்பவர்கள்

தையல்காரரின் மனைவி ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது ஊசி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதில் அதிசயமில்லை. அதற்காக அவள் கணவரைத் திட்டியதிலும் அதிசயமில்லை. இருபத்தாறு வருடமாக அந்தத் தையல்கடையில் எது விழுந்தாலும் திட்டு வாங்குகிறவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு விழுந்த திட்டு பாதிதான் புரிந்தது. வாய்க்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

“ஊழியை எழுங்க” என்றாள். ஊசியை எடுங்க என்று அர்த்தம்.

அவர் சிரித்துவிட்டார். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு தான் பேசுவதைப்போல் பேசிக் காட்டிக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கவேயில்லை.

அப்போது மணி பத்து பத்து. அவருக்கு அது துல்லியமாக நினைவிருந்தது. பத்தரைக்கு ஒருவர் கால்சட்டை வாங்க வருவதாக இருந்தார். கால்சட்டையை இன்னும் வெட்டவேயில்லை.

பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை மேலே போயிற்று. வலது கை பாதி வழி வரை வந்து, யோசித்து, கீழே இறங்கிவிட்டது.

“மூளைக்குப் போற ரத்தம் எங்கயோ அடைச்சுக்கிச்சு” என்றார் அவர். “பயப்படாதீங்க. இதுக்குன்னே ஊசி இருக்கு. ஆரம்பிச்சதுலேருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா, பேச்சு, கை எல்லாம் திரும்ப நிறைய வாய்ப்பு இருக்கு. அதைத் தாண்டிட்டா போட மாட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.”

தையல்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இரண்டு நாற்பது. சொன்ன தேதிக்கு ஒரு துணியையும் கொடுத்தறியாத அவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கெடுவை ஒழுங்காகக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார். வாடகைக் காரில் மனைவியை ஏற்றினார். பத்து முப்பத்தைந்துக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாலு மணி நேரத்துக்கும் மேல் கையில் மிச்சம். அவ்வளவு முன்கூட்டி அவர் தன் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. எதிரே பெரிய பலகையில் எழுத்துகள் ஒளிர்ந்தன: ‘நீங்கள் வந்ததிலிருந்து மருத்துவர் உங்களைப் பார்க்க ஆகும் நேரம்: மூன்று நிமிடம் நாற்பது விநாடி. ஆய்வால் நிரூபிக்கப்பட்டது.’

அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கவே இப்போதெல்லாம் அவருக்கு அதைவிட நேரமாகிறது.

பலகையிலிருந்து கண்ணை இறக்கியபிறகுதான் கூடத்தைப் பார்த்தார். அறுபது பேர் இருப்பார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிலர், தலையைப் பிடித்துக்கொண்டு சிலர், மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு சிலர். கூடத்தின் கடைசியில் தரையில் குறுக்காக ஒரு நீலக் கோடு. கோட்டுக்கு அப்பால் வெள்ளைத் திரைகளும் மடிப்புக் கலையாத படுக்கைகளும் தெரிந்தன. கோட்டை ஒட்டி ஒரு மேசை. மேசைக்காரர் கணினியிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டார்.

“பேஷன்ட் எங்க?”

“இதோ சார், சக்கர நாற்காலியில.”

மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தை அல்ல, தரையை.

“இன்னும் வரலியே.”

“யாரு சார்?”

“உங்க மனைவி.”

தையல்காரர் எதற்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். இருந்தாள். வாயின் வலது ஓரம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மற்றபடி முழுசாக இருந்தாள்.

“வந்துட்டாளே சார்.”

“வந்துகிட்டு இருக்காங்க” என்று திருத்தினார் மேசைக்காரர். நாளைக்கு நாற்பது தடவை இதை விளக்குகிறவரின் பொறுமை அவர் குரலில் இருந்தது. “கோட்டுக்கு அந்தப் பக்கம்னா வந்தாச்சு. இந்தப் பக்கம்னா வந்துகிட்டு இருக்காங்க. வந்த நிமிஷத்துலேருந்து கடிகாரம் ஓடும். மூணு நிமிஷம் நாப்பது விநாடியில டாக்டர் பார்த்துடுவார். அதுல மாத்தமே கிடையாது.”

“அப்ப இப்பவே கோட்டைத் தாண்டிடறோம்.”

“டாக்டர் ரெடியாகாம எப்படித் தாண்டுவீங்க? தாண்டினா நீங்க உள்ள காத்திருக்க வேண்டி வரும். இங்க நாங்க யாரையும் காக்க வைக்கறதில்ல சார். அது எங்க கொள்கை.”

கணினியில் தட்டினார். எண்: நாற்பத்தொன்று. இருப்பிடம்: வழியில்.

“வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்களேன், புண்ணியமாப் போகும்.”

“அடுத்தது ஒண்ணரை மணி நேரம் தள்ளி இருக்கு. ஆம்புலன்ஸ் கொடுக்கணும்னா டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அதோட, இன்னும் வராதவங்களை எப்படிங்க அனுப்பறது?”

தையல்காரர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்து ஓர் ஓரமாக நிறுத்தினார்.

“என்னவாம்?” என்றாள் மனைவி. சொல் குழைந்தாலும் கேள்வியில் பழைய சூடு இருந்தது.

“நாம இன்னும் வரலயாம்.”

அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். “நீங்க... எங்கயும்... நேரத்துக்கு வர்ற ஆளில்லன்னு... ஊருக்கே தெரிஞ்சிருக்கு.”

அவருக்குப் பாதி உயிர் திரும்பிவந்தது. அவள் திட்டுகிறவரை ஒன்றும் மோசமில்லை.

பக்கத்தில் ஒரு சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். இடது கைவிரலைத் துண்டால் சுற்றியிருந்தார். துண்டு முதலில் என்ன நிறமாக இருந்தது என்று சொல்ல முடியவில்லை.

“நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டார் தையல்காரர்.

“நான் காலையில ஏழு மணியிலேருந்து வந்துகிட்டே இருக்கேன். வெங்காயம் நறுக்கறப்ப விரலும் சேர்ந்து போயிடுச்சு. போன துண்டைப் பையில வெச்சிருக்கேன். அது வந்துடுச்சு, நான்தான் வரல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அதோ மூலையில போர்த்திக்கிட்டு இருக்கார் பாருங்க, அவர் நேத்தே கிளம்பினவர்.”

பதினொன்றரைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு தட்டைக் கணினி. டாக்டர் என்று நினைத்துத் தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

“உட்காருங்க, உட்காருங்க. நான் டாக்டர் இல்ல, ஆய்வாளர். அவசரச் சிகிச்சையில காத்திருப்பை ஒழிக்கறது பத்தின ஆராய்ச்சி. நாலே கேள்விதான். பயணம் எப்படி இருக்கு?”

“எந்தப் பயணம்மா?”

“இங்க வந்துகிட்டு இருக்கீங்க இல்லையா, அந்தப் பயணம். வழியில போக்குவரத்து நெரிசல் இருக்கா?”

தையல்காரர் கூடத்தைப் பார்த்தார். “நெரிசல்தான்.”

“ரொம்பவா, ஓரளவா?”

“அம்மா, இவளுக்கு வாய் கோணிக்கிட்டுப் போகுது. கை தூக்க முடியல. ரெண்டு நாப்பதுக்குள்ள ஊசி போடணும்.”

அந்தப் பெண் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “தயவுசெஞ்சு அறிகுறியெல்லாம் சொல்லாதீங்க. வர்றதுக்கு முன்னாடி நாங்க தெரிஞ்சுகிட்டா ஆய்வு கெட்டுடும். ‘ரொம்ப’ன்னு போட்டுக்கறேன்.” பிறகு மனசு கேட்காமல் சேர்த்துச் சொன்னாள்: “எங்க ஆய்வுல ரொம்ப முக்கியமான ஒண்ணு தெரியவந்திருக்கு சார். நாங்க கோடு போட்டதுலேருந்து வழியில மாட்டிக்கறவங்க எண்ணிக்கை நாலு மடங்காயிடுச்சு. இந்த ஊர் ரோடு அவ்வளவு மோசம். ஒரு மேம்பாலம் கட்டச் சொல்லிப் பரிந்துரை பண்ணியிருக்கோம்.”

“மேம்பாலம் எங்க கட்டுவாங்க?” என்றார் சமையல்காரர். “இங்கேருந்து அங்கயா?” விரலில்லாத கையால் நீலக் கோட்டைக் காட்டினார்.

அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

பன்னிரண்டரை வாக்கில் தையல்காரரின் மனைவி தண்ணீர் கேட்டாள். “தண்ணி” என்று சொல்ல வந்து “கத்திரி” என்றாள். அவளுக்கே அது தப்பென்று தெரிந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி கத்திரி. மூன்றாவது தடவை முயலவில்லை. அவரைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அவரை எத்தனையோ விதமாகப் பார்த்ததுண்டு. உதவி கேட்டுப் பார்த்ததில்லை.

அவர் நேராகக் கோட்டுக்குப் போனார். அந்தப் பக்கம் ஒரு வயதான நர்ஸ் நின்றிருந்தார். அவர் கூடத்துக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

“சிஸ்டர், ஒரு தடவை திரும்பிப் பாருங்க. ஒரே தடவை.”

“பார்க்கக்கூடாதுப்பா” என்றார் நர்ஸ் சுவரைப் பார்த்து. “கோட்டுக்கு வெளிய இருக்கறவங்களை நாங்க பார்த்தா, பார்த்ததா கணக்காயிடும். அதனால திரும்பி நிக்கச் சொல்லியிருக்காங்க.” பக்கத்துத் திரையை இழுத்துச் சரிசெய்தார். “நீங்க உள்ள நுழையறப்பவே கண்ணாடியில பார்த்துட்டேன். முப்பது வருஷமா இந்த மாதிரி கோணின முகத்தைப் பார்க்கறேன். எனக்குத் தெரியாதா? டாக்டர்ங்க ரெண்டு பேரும் மேல இருக்காங்க. இன்னிக்கு வெளியூர்லேருந்து பார்வையாளருங்க வர்றாங்க இல்ல, அதுக்கு ஒத்திகை.” பிறகு சுவரிடம் ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்: “நான் மருந்து அலமாரிப் பக்கம் போறேன். நாற்காலியைத் தள்ளிடுங்க. வந்துட்டாங்கன்னு ஆயிட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

தையல்காரர் தள்ளினார். கோட்டில் ஒரு மெல்லிய விளிம்பு இருந்தது. முன்சக்கரங்கள் ஏறித் தாண்டின. பின்சக்கரங்கள் விளிம்பில் மாட்டிக்கொண்டன. அந்த நொடியில் மணி அலறியது.

கட்டடத்தில் இத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஏழு பேர் ஓடிவந்தார்கள். தையல்காரர் நன்றியோடு கும்பிட்டார். ஏழு பேரும் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்கள்.

“முன்சக்கரம் வந்துடுச்சு” என்றார் ஒருவர்.

“பின்சக்கரம் வரல” என்றார் இன்னொருவர்.

“பேஷன்ட் எந்தச் சக்கரத்தைச் சேர்ந்தவங்க?”

யாருக்கும் தெரியவில்லை. விதிமுறைப் புத்தகம் வந்தது. நடந்து வருகிறவர்களுக்கு எந்தக் கால் கணக்கு என்று அதில் தெளிவாக இருந்தது. சக்கரத்தைப் பற்றி ஒன்றுமில்லை. ஒருவர் அவள் பாதம் எங்கே இருக்கிறது பார்க்கலாம் என்றார். பாதம் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆனால் அது தானாகத் தாண்டவில்லை, தூக்கிக்கொண்டு போகப்பட்டது என்று மற்றவர் சுட்டிக்காட்டினார். தையல்காரர் இடையில் புகுந்து, “ஆளுக்கு ஒரு கை கொடுத்தா பின்சக்கரமும் வந்துடும் சார்” என்றார். சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இப்படிப் பேசலாமா என்பதுபோல் ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தீர்ப்பானது. அவள் வரவில்லை, வர முயன்றிருக்கிறாள். வர முயன்றவர்களுக்குக் கணினியில் கட்டம் கிடையாது. ஆகவே பழைய எண் ரத்து. வாசல் வரை போய்த் திரும்ப வந்து புது எண் வாங்க வேண்டும்.

நாற்காலியை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார். கதவு தானாகத் திறந்தது. வெளியே வெயில். ஒரு கணம் அப்படியே தள்ளிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. எங்கே ஓடுவது? திருப்பினார். கதவு மறுபடி தானாகத் திறந்தது. அந்தக் கட்டடத்தில் கேட்காமலே உதவி செய்தது அது ஒன்றுதான்.

புது எண் எழுபத்துமூன்று. மணி ஒன்று நாற்பது.

“ஏம்மா, ஏதாவது சொல்லேன்” என்றார் அவளிடம். “நான்தானே விளிம்பைப் பார்க்காம தள்ளினேன். திட்டேன்.”

அவள் வாயைத் திறந்தாள். “க...” என்று வந்தது. அதோடு நின்றுவிட்டது.

இரண்டு பத்துக்கு வாசலில் பார்வையாளர்கள் வந்தார்கள், பன்னிரண்டு பேர். கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். பல ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து இந்த முறையைக் கற்றுக்கொண்டு போக வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் இயக்குநர் நடந்தார். இரண்டு டாக்டர்களும் ஒத்திகை முடிந்து இறங்கிவந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். சின்னவர் கூடத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினார்; பெரியவர் அவர் தோளைத் தொட்டதும் தாழ்த்திக்கொண்டார்.

“செய்முறை விளக்கத்துக்கு ஒரு நோயாளி தேவை” என்றார் இயக்குநர். கண்ணால் கூடத்தை அளந்தார். சமையல்காரரின் துண்டைப் பார்த்து முகம் சுளித்தார். தையல்காரரின் மனைவியிடம் கண் நின்றது. “இவங்க நல்லாயிருக்காங்க. அமைதியா இருக்காங்க.”

அவளை அமைதி என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

நாற்காலியைக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்கள். மணி இரண்டு இருபது. இன்னும் இருபது நிமிடம். ஒரு சாண்.

இயக்குநர் ஒலிபெருக்கியை வாங்கினார்.

“நண்பர்களே! நான் பொறுப்பேற்றபோது இந்தக் கூடத்தில் அறுபது பேர் காத்திருந்தார்கள். சராசரியாக ஆறு மணி நேரம்! அதை நாங்கள் எப்படி ஒழித்தோம்? மருத்துவர்களை அதிகப்படுத்தியா? இல்லை. படுக்கைகளைக் கூட்டியா? இல்லவே இல்லை. ஒரு டப்பா நீலப் பெயின்ட். அவ்வளவுதான்! இன்று இங்கே காத்திருப்பவர் என்று ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்!”

பார்வையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அறுபது பேர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப இவங்கல்லாம்?” என்று ஒருவர் கேட்டார்.

“பயணிகள்” என்றார் இயக்குநர்.

இரண்டு இருபத்தொன்பது.

“இறப்பு விகிதம்?” என்று இன்னொருவர் கேட்டார்.

“அருமையான கேள்வி! எங்களிடம் வந்துசேர்ந்தவர்களில் இறப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. வழியில் இறப்பவர்கள் சற்றுக் கூடியிருக்கிறார்கள். அது எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் அது சாலைத் துறையின் கீழ் வருகிறது.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இரண்டு முப்பத்துநான்கு. இயக்குநர் நீலத்தைத் தேர்ந்தெடுத்த கதையை ஆரம்பித்தார். முதலில் சிவப்பு என்றுதான் யோசித்தார்களாம். சிவப்பு நோயாளிகளைப் பதற்றப்படுத்தும் என்று ஒரு தனி ஆய்வே செய்து முடிவை மாற்றினார்களாம். இரண்டு முப்பத்தெட்டு.

“ஐயா” என்றார் தையல்காரர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பிறகு கத்தினார்: “ஐயா! ரெண்டு நிமிஷந்தான் இருக்கு! தள்ளச் சொல்லுங்கய்யா!”

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். “பாருங்கள் இந்த ஆர்வத்தை! உள்ளே வர மக்கள் எப்படித் துடிக்கிறார்கள் பாருங்கள்! இந்த நம்பிக்கையை நாங்கள் ஒரே நாளில் சம்பாதிக்கவில்லை...”

கைதட்டல் அடங்க ஒரு நிமிடமாயிற்று. நம்பிக்கையைச் சம்பாதித்த கதைக்கு ஐந்து நிமிடம்.

இரண்டு நாற்பத்தாறுக்கு அவள் வந்துசேர்ந்தாள். நான்கு பேர் நாற்காலியைத் தூக்கியே வைத்தார்கள், சக்கரத் தகராறு வேண்டாமென்று. பலகையில் விநாடி ஓடியது. சின்ன டாக்டர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். ஐம்பத்திரண்டு விநாடி. ஆஸ்பத்திரி வரலாற்றிலேயே இல்லாத வேகம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆய்வாளப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டருக்குக் கைதட்டல் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது துணிபோல் விழுந்தது.

“இது எப்ப ஆரம்பிச்சது? சரியாச் சொல்லுங்க. இது ரொம்ப முக்கியம்.”

நாளைக்கு ரெடியாயிடும், சாயந்தரம் வாங்க, காஜா மட்டும்தான் பாக்கி என்று வாழ்நாளெல்லாம் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லியே பிழைத்த மனிதர், டாக்டர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னார்.

“பத்து பத்து.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் தோள் இறங்கியது. நல்ல பிள்ளை, பார்க்கவே பாவமாக இருந்தது.

“இனிமே அந்த ஊசியைப் போட எனக்கு அனுமதி இல்லீங்க. உள்ள ரத்தம் கசிஞ்சுடும். மத்ததெல்லாம் பண்றோம்.” பிறகு மெதுவாக, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக்கூடாதா?”

தையல்காரர் திரும்பி நீலக் கோட்டைப் பார்த்தார்.

மேல்மாடி வார்டில் ஜன்னலோரம் படுக்கை கிடைத்தது. கால்மாட்டில் ஒரு தாள் மாட்டியிருந்தது. ‘தாமதமாக வந்த நோயாளி. தாமதத்துக்குக் காரணம்: உடன் வந்தவர், போக்குவரத்து.’ மறுநாள் காலையில் கீழே போய், அந்த ஒரு வரியை மட்டும் மாற்றும்படி கேட்டார்.

“நீங்க வந்தது ரெண்டு நாப்பத்தாறு. கம்ப்யூட்டர்ல இருக்கு” என்றார் மேசைக்காரர். “பொய் எழுதச் சொல்றீங்களா?”

திரும்பிவந்து படுக்கையருகே உட்கார்ந்தார். அவள் விழித்திருந்தாள். வாய் அசைந்தது; சத்தம் வந்தது, சொல் வரவில்லை. ஆனால் அந்த முகத்தை அவருக்குத் தெரியும். திட்டப்போகிற முகம்.

“இரு, நான் சொல்றேன். நீ தலையை மட்டும் ஆட்டு” என்றார். “கூறுகெட்ட மனுஷன்னு சொல்றியா?”

இல்லை என்று தலையசைத்தாள்.

“வாயில்லாப் பூச்சியா? சிபாரிசுக்கு நாலு பேரைத் தெரிஞ்சு வெச்சுக்காத தண்டமா?”

இல்லை.

“கையாலாகாதவன்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. “அதானே? அது சரிதானே?”

அவள் எரிச்சலோடு இடது கையைத் தூக்கினாள். அவர் சட்டையைப் பிடித்து அவரை ஓரமாக இழுத்து விலக்கினாள், மறைக்காதே என்பதுபோல். அவருக்குப் பின்னால் கால்மாட்டில் மாட்டியிருந்த தாளைக் காட்டினாள். பிறகு ஜன்னலை, அதற்குக் கீழே தெரிந்த நுழைவாசலை, அதில் வந்துகொண்டிருந்தவர்களை. திட்டு அவருக்கில்லை.

அவர் தாளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். இதற்கு ஏற்ற சொல் அவளிடம் நிச்சயமாக இருந்தது. அதை இப்போது அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் வாயைத் திறந்தார். தனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாமே அவள் அவரைத் திட்டியவை. எல்லாமே அவர் அளவுக்குத் தைத்தவை. அந்த வாசலுக்கு எதுவும் போதவில்லை.

“தெரியலம்மா” என்றார்.

அவள் அவர் கையைத் தட்டினாள். யோசியுங்க, என்று அதற்கு அர்த்தம். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.